ஒரண்டா கோல்டுஃபிஷின் விலாவில் செதில் போய்ச் சிவந்த புண். என்ன மருந்து, எவ்வளவு?

நெல்லை_தொட்டி:
வணக்கம் நண்பர்களே. 70 லிட்டர் தொட்டி. இரண்டு ஒரண்டா, ஒரு சக்கர் மீன். பெரிய ஒரண்டாவுக்கு (வால் நீங்கலாக 10 செ.மீ. இருக்கும்) வலது விலாவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் செதில் போய், நடுவில் சிவந்திருக்கிறது. வால் நுனியும் கிழிந்திருக்கிறது. தீனி எடுக்கிறது, ஆனால் மற்ற நேரம் மூலையில் அடியிலேயே நிற்கிறது. போர் தண்ணீர், இன்டர்னல் ஃபில்டர், உள்ளே இரண்டு மூன்று அலங்காரக் கற்கள். கடையில் ப்ளூ மருந்தைக் கொடுத்துத் தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார்கள். வீட்டில் மஞ்சள் தூள் போடச் சொல்கிறார்கள். இதுவரை எதுவும் போடவில்லை. எது சரி?

தெளிந்தநீர்:
இரண்டையும் போடாதீர்கள். ப்ளூ மருந்து என்பது மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்குத்தான் அது பயன்படும். சிவந்த புண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். பிறகு மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சு ஏறும், ஆறவேண்டிய புண் மோசமாகும். மஞ்சள் தூள் நீரில் கரைவதில்லை. செவுளில் படியும், அடியில் தங்கி அழுகும்.

முதலில் மீனைத் தனியாக எடுங்கள். 25-30 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும், சோப்புப் படாததாக இருக்க வேண்டும். மணல், கல் எதுவும் வேண்டாம். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வையுங்கள். புது ஸ்பாஞ்சாக இருந்தால், பெரிய தொட்டியின் ஃபில்டர் பஞ்சை அதே தொட்டித் தண்ணீரில் பிழிந்து, அந்த அழுக்கு நீரை ஸ்பாஞ்சின் மேல் ஊற்றுங்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதில்தான் பாக்டீரியா இருக்கிறது. டப்பில் பாதித் தண்ணீர் பழைய தொட்டியிலிருந்தே வரட்டும். வலையால் பிடிக்காதீர்கள், வலை நூலில் தூக்கி நிற்கும் செதில் மாட்டி இன்னும் நாலு உதிரும். ஒரு கிண்ணத்தை நீருக்குள் அமிழ்த்தி, மீனை அதற்குள் ஓட்டி, நீரோடு தூக்குங்கள்.

அடுத்து உப்பு. சாதாரணக் கல் உப்பே போதும், எடை போட்டுப் போடுங்கள். ஸ்பூன் கணக்கு கல் உப்புக்குச் சரிவராது, கல்லின் அளவைப் பொறுத்து எடை மாறும். லிட்டருக்கு 1 கிராம் வீதம் தனிப் பாத்திரத்தில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். 12 மணி நேரம் கழித்து இன்னொரு கிராம், அடுத்த 12 மணியில் இன்னொன்று. ஆக லிட்டருக்கு 3 கிராம். 25 லிட்டர் டப்பென்றால் மொத்தம் 75 கிராம். கோல்டுஃபிஷ் இதைத் தாங்கும்.

உப்பு எதற்கு என்பதும் தெரிந்திருக்கட்டும். மீனின் உடலில் இருக்கும் உப்பு சுற்றியுள்ள நன்னீரில் இல்லை. தோல் திறந்த இடத்தில் தண்ணீர் உள்ளே போகும், உடலின் உப்பு வெளியே போகும். அந்தத் தண்ணீரை வெளியேற்றச் சிறுநீரகம் ஓயாமல் உழைக்க வேண்டும். வெளிநீரில் கொஞ்சம் உப்பிருந்தால் அந்தச் சுமை குறையும், மிச்சமாகும் சக்தி புண் ஆறப் போகும்.

தினமும் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: 8 லிட்டர் எடுத்தால் அந்த 8 லிட்டருக்கு மட்டும் 24 கிராம் சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீரை நிரப்பும்போது உப்பே கூடாது, ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. முழு டப்புக்கும் தினம் உப்புப் போட்டுக்கொண்டே போனால் ஒரு வாரத்தில் மீன் தாங்காது.

கரையோரம்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் காரணத்தை அகற்றாமல் மீனைத் திருப்பி விட்டால் அதே இடத்தில் மறுபடி புண் வரும். விலாவில் வட்டமாகச் செதில் போயிருக்கிறது, கூட சக்கர் மீன் இருக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் கல் மேல் இல்லை, சக்கர் மேல்தான். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் இந்த மீன், பாசி தீர்ந்ததும் மெதுவாக நீந்தும் கோல்டுஃபிஷின் மேல் ஒட்டி, வழவழப்பை உறிஞ்சும். பெரும்பாலும் விளக்கு அணைந்த பிறகுதான் இதைச் செய்யும், அதனால் பகலில் சாதுவாகத் தெரியும். இரவில் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

வால் கிழிசலுக்கு ஃபில்டர் உறிஞ்சும் வாயையும் பாருங்கள். அதில் பெரிய துளையுள்ள ஒரு ஸ்பாஞ்சை மாட்டிவிடலாம்.

புண்ணில் பெட்டாடின் தடவலாம், ஒரே ஒரு முறை, அதுவும் கை நடுங்காதவர் செய்வதாக இருந்தால். ஒரு பங்கு பெட்டாடினுக்கு ஒன்பது பங்கு நீர். மீனை ஈரத்துணியில் படுக்கவைத்து, கண்ணை அதே துணியால் மூடி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் புண்ணில் மட்டும் ஒற்றி, அரை நிமிடத்துக்குள் நீரில் விடுங்கள். செவுள் பக்கம் ஒரு துளிகூட வழியக்கூடாது; தலையைச் சற்று உயரமாக வைத்தால் வழியாது. பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள், சுத்தமான நீரும் உப்புமே பெரும்பாலும் போதும்.

நெல்லை_தொட்டி:
நன்றி அண்ணா, இருவருக்கும். டப்புக்கு மாற்றிவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், சக்கர் சின்ன ஒரண்டாவின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய தொட்டியில் அம்மோனியா 0.5, pH 8 காட்டுகிறது. புண்ணின் மேல் இப்போது மெல்லிய வெண்படலம் இருக்கிறது, இது பூஞ்சையா? ஹீட்டர் போடலாமா?

தெளிந்தநீர்:
கண்ணாடி போல ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் புதுத்தோலும் சளியும்தான், தொடாதீர்கள். பூஞ்சை என்றால் பஞ்சு இழை போலப் புசுபுசுவென வெளியே நீட்டி, நீரோட்டத்தில் அசையும். அப்படி வந்தால் மெத்திலீன் ப்ளூவுக்கு வேலை உண்டு: ஸ்பாஞ்சை எடுத்துப் பெரிய தொட்டியில் போட்டுவிட்டு, டப்பில் வெறும் ஏர் ஸ்டோன் வைத்து, பாட்டிலில் உள்ள அளவுப்படி போடுங்கள். கடைக்குக் கடை அதன் அடர்த்தி வேறு. மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் ஆபத்து: சாம்பல் வெள்ளையாகப் படர்ந்து, ஓரம் மஞ்சளாக, மணிக்கு மணி பெரிதாகும். அது பாக்டீரியா. அதனால்தான் ஹீட்டர் வேண்டாம் என்கிறேன். சூட்டில் அது வேகமாகப் பரவும், நீரில் ஆக்சிஜனும் குறையும். டப்பை வெயில் படாத தரையில் வையுங்கள்.

அம்மோனியா 0.5 என்பது சின்ன எண் இல்லை. pH 7 இல் இருப்பதைவிட 8 இல் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்கு. பெரிய தொட்டியில் இன்றே பாதி நீர் மாற்றுங்கள், அங்கே இன்னொரு மீன் இருக்கிறது. 70 லிட்டர் இரண்டு ஒரண்டாவுக்கே குறைவு.

தீனி முதல் நாள் வேண்டாம். பிறகு ஊறவைத்த பெல்லட், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. உப்பை இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். புண் மூடியதும் உப்பில்லா நீராக மாற்றி மாற்றி மூன்று நான்கு நாளில் இறக்கிவிடலாம். புண் இருந்த இடம் கறுத்தால் பயப்பட வேண்டாம், கோல்டுஃபிஷுக்கு ஆறும்போது கறுப்பு நிறமி அங்கே வரும், பிறகு பெரும்பாலும் மங்கிவிடும். வாலில் நிறமில்லாத கண்ணாடி ஓரம் தெரிந்தால் புதுத்துடுப்பு வளர்கிறது என்று அர்த்தம். ஓரம் சிவந்து, நாளுக்கு நாள் சுருங்கினால் அழுகல்.

உடல் முழுக்கச் செதில் விரிந்து வயிறு உப்பினாலோ, புண்ணில் குழி விழுந்தாலோ உப்போடு நிற்காதீர்கள். கடையில் கிடைக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, அங்கே கேட்கலாம்.

கரையோரம்:
சக்கர் மீனை இன்றே பிரித்துவிடுங்கள், சின்ன ஒரண்டாவும் தப்பட்டும். ஒரு அடிக்கு மேல் வளரும் மீன் அது, எப்படியும் அந்தத் தொட்டிக்கு ஆகாது. கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்; பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். வாங்காவிட்டாலும் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்க மீன் அது, நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக்கிடக்கிறது. முள்ளால் மீனவர் வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது. பெரிய தொட்டி வைத்திருக்கும் யாராவது கிடைக்கும்வரை மூடிபோட்ட ஒரு டப்பில், ஏர் பம்போடு வைத்திருங்கள். வெள்ளரித் துண்டு போட்டால் தின்னும், மிச்சத்தை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்.