பலமான டிபன்ஸ் எதிர்ல வந்தா கல்லூரி அணி ரெய்டர்கள் ஏன் திணறுறாங்க?

கேட்டவர்: ஓமலூர்த் தம்பி

எல்லாருக்கும் வணக்கம்ங்க அண்ணா. சேலத்துல ஒரு கல்லூரிக் கபடி அணிக்காகக் கேக்குறேன். சுமாரான டீம்கிட்ட எங்க ரெய்டருங்க, அதாவது பாடிப் போறவங்க, பாயிண்ட்டை அள்ளிட்டு வர்றாங்க. ஆனா ரெண்டு ஓரத்துலயும் நிக்கிற கார்னருங்க கெட்டியா, உள்பக்கமா நிக்கிற கவர் ஜோடி ஒண்ணா நகர்ற டீம்னா பாயிண்ட்டே வரமாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். மெயின் ரெய்டர் போய் வெறுங்கையோட வர்றார். ரெண்டாவது ஆளும் வெறுங்கையோட வர்றார். மூணாவது டூ ஆர் டை, அதாவது பாயிண்ட் எடுக்கலைன்னா ரெய்டரே அவுட்; அதுக்கு மறுபடி மெயின் ரெய்டரே போய் மாட்டிக்கிறார். அப்புறம் அவர் வெளிய உக்காந்திருக்க, ஆட்டம் கைய விட்டுப் போயிடுது.

"அவனுக்குக் கால்ல பலம் பத்தல, ஜிம்முக்கு அனுப்பு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவே பலம்தான் குறையா? பயிற்சி செம்மண்ல, போட்டி மேட் விரிப்புல. பெரியார் பல்கலைக்கழக இன்டர் காலேஜுக்கு மூணு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள எதை மாத்தலாம்னு விவரமா சொல்லுங்கண்ணா.

பதில்: வலது கார்னர்

தம்பி, மூணாவது ரெய்டுல மாட்டுறது எல்லார் கண்ணுக்கும் தெரியுது. ஆட்டம் போறது முதல் ரெண்டு ரெய்டுல.

டிபன்ஸ் பக்கம் நின்னு யோசிச்சுப் பாரு. முதல் ரெய்டுல கார்னருக்கு ஒரு பயம் இருக்கும். தப்பான நேரத்துல பாஞ்சா தானும் அவுட், தன்னைக் காப்பாத்த வந்த இன்னொருத்தனும் அவுட். டூ ஆர் டைல அந்தப் பயம் போயிடும். ரெய்டர் கட்டாயம் உள்ள வந்தாகணும், தொட்டாகணும்; 30 செகண்ட் சும்மா ஓடிட்டாலே பாயிண்ட் டிபன்ஸுக்கு. அதனால கார்னர் பாயவே தேவையில்ல, உக்காந்து காத்திருந்தா போதும். நல்ல டிபன்ஸ் உங்களை அந்த மூணாவது ரெய்டுக்குக் கொண்டுவரத்தான் முதல் ரெண்டு ரெய்டுல ஆழமா, கோட்டை ஒட்டியே நிக்குது.

அப்போ அங்க போய் நிக்காம இருக்க வழி என்ன? போனஸ்தான், அதாவது யாரையும் தொடாமலே போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வச்சா கிடைக்கிற பாயிண்ட். இதை நிறைய கல்லூரி அணிங்க கவனிக்கிறதே இல்ல. பலமான டிபன்ஸ்னா அவங்க ஆளை இழக்கிறதில்ல, களத்துல எப்பவும் ஆறு பேரோ ஏழு பேரோ இருப்பாங்க. போனஸ் கோடு செல்லுறதும் அதே ஆறு ஏழு பேர் இருக்கும்போதுதான். ஆக எந்த டீம்கிட்ட தொட முடியலையோ அந்த டீம்கிட்டதான் ஒவ்வொரு ரெய்டுலயும் போனஸ் திறந்து கிடக்கு. ஒரு போனஸ் எடுத்துட்டா வெறும் ரெய்டுக் கணக்கு திரும்ப பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். தொடர்ந்து ரெண்டு ரெய்டு வெறுமனே போகாம நடுவுல ஒரு போனஸ் வந்தாலே டூ ஆர் டை உங்க பக்கம் வராது.

அளவையும் பாத்துக்க. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ரெண்டு பக்கமும் லாபிங்கிற ஓரப்பட்டை ஒவ்வொரு மீட்டர் போனா, தொடுறதுக்கு முன்னாடி உனக்குக் கிடைக்கிறது 8 மீட்டர் அகலம்தான். அதுல ஏழு பேர். நடுக்கோட்டுல இருந்து, ரெய்டர் கட்டாயம் கடக்க வேண்டிய பாக் லைன் 3.75 மீட்டர், போனஸ் கோடு 4.75, கடைசிக் கோடு 6.5. கார்னர் கிட்டத்தட்ட கடைசிக் கோட்டுல நிக்கிறார். அவரைக் கையால தொடணும்னா போனஸ் கோட்டையும் தாண்டி உடம்பைச் சாய்க்கணும். அந்தச் சாய்வுதான் அவருக்கு வேணும்.

இப்போ பலம் பத்தின கேள்வி. போனஸ் கோட்டுக்கிட்ட கால் மாட்டிச்சுன்னா, கீழ விழுந்து கையை முழுசா நீட்டினாலும் ஒரு ஆள் நீளம் ரெண்டேகால் மீட்டர் வரும். நடுக்கோடு இன்னும் ரெண்டரை மீட்டர் தள்ளி இருக்கு. ஒரு கார்னர் காலைப் பிடிச்சு, கவர் மேல விழுந்த பிறகு அந்த ரெண்டரை மீட்டரை இழுத்துட்டு வர எந்த ஜிம்மும் உதவாது. நடுக்கோட்டுக்கு ரெண்டு மீட்டருக்குள்ள மாட்டினாத்தான் பலம் பேசும். உள்ள மாட்டாம இருக்கிறதுதான் பழக வேண்டியது.

என் யோசனை: முதல் ரெய்டுக்கு ரெண்டாவது ரெய்டரை அனுப்பு, போனஸ் மட்டும் குறி. அதுல வரலைன்னா ரெண்டாவது ரெய்டுக்கு மெயின் ரெய்டர், அதுவும் டிபன்ஸ் மூணாவதை எதிர்பாத்து மெத்தனமா நிக்கிற நேரத்துல.

பதில்: வாழப்பாடி கபடி

வலது கார்னர் சொன்னதை ஏத்துக்கிறேன், ஆனா அதுல பாதிதான் இருக்கு. போனஸ் பாயிண்ட்டுக்கு உங்க ஆள் யாரும் உள்ள திரும்ப வரமாட்டாங்க. ரிவைவல் கிடைக்கணும்னா ஒண்ணு தொட்டிருக்கணும், இல்ல உங்க டிபன்ஸ் அவங்க ரெய்டரைப் பிடிச்சிருக்கணும். மெயின் ரெய்டர் வெளிய இருக்கிறப்போ போனஸ் போனஸ்னு ஆடினா ஸ்கோர் ஏறும், அவர் வெளியவே இருப்பார்.

கணக்குப் பாருங்க. 20 நிமிஷம் வீதம் ரெண்டு பாதி, ரெய்டுக்கு 30 செகண்ட். எல்லா ரெய்டும் முழு நேரம் எடுத்தா ஒரு அணிக்கு மொத்தமே 40 ரெய்டு. மெயின் ரெய்டர் அஞ்சு நிமிஷம் வெளிய இருந்தா அஞ்சு ரெய்டு அவர் இல்லாம போகுது. ரெய்டர் திணறுறார்னு நினைக்கிற பாதி ஆட்டத்துல உண்மையில திணறுறது உங்க டிபன்ஸ்தான், அவரை மீட்டுக் கொடுக்க முடியாம. அவர் அவுட் ஆன அடுத்த ரெய்டுலயே எதிரணி ரெய்டரைப் பிடிக்க ஒரு திட்டம் வேணும். அந்த நேரத்துல எதிரணி ரெய்டர் பெரும்பாலும் பாக் லைனை மட்டும் கடந்துட்டுத் திரும்பத்தான் வருவார். அவர் பாக் லைனைத் தாண்டின உடனே கவர் ஜோடி முன்னேறிப் பிடிக்கணும். காத்திருந்தா அவர் போயிடுவார்.

ஒரு நோட்டு போடுங்க. ஒவ்வொரு ரெய்டுக்கும் நாலே நாலு விஷயம்: எதிர்ல எத்தனை பேர், எந்தப் பக்கமா நுழைஞ்சார், எத்தனையாவது செகண்டுல உள்ள இறங்கினார், என்ன ஆச்சு. ரெண்டு மேட்ச் எழுதினாலே தெரிஞ்சிடும். கல்லூரி ரெய்டர்கள் முதல் 20 செகண்ட் பாக் லைன் பக்கம் ஆடிட்டு, நேரம் முடியப்போகுதுன்னதும் அவசரமா ஒரே பக்கமாத்தான் இறங்குவாங்க. எதிரணிக் கோச்சும் அதைத்தான் எழுதி வச்சிருப்பார்.

கேட்டவர்: ஓமலூர்த் தம்பி

ரொம்ப நன்றிங்கண்ணா, ரெண்டு பேருக்கும். ஒரு சந்தேகம். போனஸ் போட்டா எங்க ஆள் உடனே ஆங்கிள் ஹோல்டுல மாட்டுறார். லெப்ட் கார்னர் அப்படியே கணுக்காலைக் கவ்விடுறார். அதனாலதான் போனஸையே விட்டுட்டோம்.

பதில்: வலது கார்னர்

மாட்டுற அந்த ஒரு கணத்தை மட்டும் பிரிச்சுப் பாப்போம். போனஸ் கிடைக்கணும்னா முன்கால் கோட்டை முழுசாத் தாண்டி ஊனணும், அந்நேரம் பின்கால் தரையை விட்டு எழும்பியிருக்கணும். அதாவது ஒரு நொடிப்பொழுது உடம்பு எடை மொத்தமும் முன்கால்ல. எடை இருக்கிற காலை இழுக்க முடியாது. கார்னர் காத்திருக்கிறது அதுக்குத்தான். ஈரான் வீரர் ஃபசல் அத்ராச்சலி புரோ கபடில லெப்ட் கார்னர்ல ஆடின வீடியோவைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பாருங்க. ரெய்டரோட முகத்தைப் பாக்காம கால் எப்போ ஊனுதுன்னு மட்டும் பாத்துக்கிட்டு நிப்பார்.

ரெய்டர் பண்ற தப்பு மூணு. குதிகாலை ஊனிடுறார், முன்முழங்கால் நீட்டி விறைப்பா இருக்கு, பின்காலை ஒரு அடி உயரத்துக்குத் தூக்குறார். முன்காலை விரல் பக்கமா ஊனணும், முழங்கால் மடிஞ்சிருக்கணும், நெஞ்சு நடுக்கோட்டுப் பக்கம் சாஞ்சிருக்கணும். பின்கால் தரையை விட்டு நாலு விரல் எழும்பினா நடுவருக்குத் தெரியும், அது போதும். ஊனின விரலே திரும்பத் தள்ளி விடணும், ஊனுறதும் தள்ளுறதும் ஒரே அசைவா.

அதுக்கு முன்னாடி கார்னரைச் சோதிக்கணும். பாக் லைனுக்கும் போனஸ் கோட்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த ஒரு மீட்டர்ல காலை ஓங்கி வச்சு எடுக்கணும். கார்னர் அசையலைன்னா அடுத்த கால் போனஸ். கை நீட்டிக்கிட்டு முன்னால வந்தார்னா போனஸை மறந்துட்டு அந்தக் கையைத் தட்டிட்டு வந்துடணும். முதல்லயே போனஸ்னு முடிவு பண்ணிட்டுப் போறவர்தான் மாட்டுறார்.

திரும்பும்போது முதுகைக் காட்டக் கூடாது. போனஸ் எடுத்த சந்தோஷத்துல திரும்பி ஓடுறப்போதான் கவர் வந்து தொடையைக் கட்டுவார். லாபியை ஒட்டி ஓடினா டாஷ் அடிச்சு வெளிய தள்ளிடுவாங்க. டிபன்ஸைப் பாத்தபடியே ரெண்டு மூணு அடி நேரா பின்னால, அதுக்கப்புறம் திரும்பலாம்.

பயிற்சி: சுண்ணாம்புல ரெண்டு கோடும் சரியான அளவுல போட்டு, ஒரு கார்னர், ஒரு கவர், அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கிற ஒரு இன் மட்டும் நிறுத்து. ரெய்டருக்கு 15 செகண்ட். பத்து ரெய்டு, பக்கம் மாத்தி இன்னொரு பத்து. கார்னருக்கு "வா", "வராதே"ன்னு பின்னால இருந்து கோச் சைகை காட்டணும், ரெய்டருக்குத் தெரியக் கூடாது. கபடி கபடின்னு பாடாம பயிற்சி எடுக்க விடாதே. பாட்டோட சேர்த்துப் பழகாதவருக்குப் போட்டில 20 செகண்டுக்கு மேல மூச்சு உடையும், நடுவர் அவுட் குடுத்துடுவார்.

பதில்: செம்மண் களம்

மேட் பத்தி யாரும் பேசல. செம்மண்ல மரத்தூள் கலந்து தண்ணி தெளிச்ச களத்துல வெறுங்காலோட ஆடிட்டு, நேரா ஷூ போட்டு மேட்ல இறங்கினா ரெய்டருக்கு ரெண்டு நஷ்டம். மண்ணுல கால் கொஞ்சம் வழுக்கி நிக்கும், உடம்பு அதுக்குப் பழகியிருக்கும். மேட்ல ஷூ சட்டுனு பிடிச்சு நிக்கும், அதனால திசை மாத்துறப்போ முழங்கால் திருகிக்கும், இல்லைன்னா அரை அடி முன்னாலயே நின்னுடுவார். ரெண்டாவது, மண்ணுல கார்னர் தோல் உரியும்னு தயங்குவார். மேட்ல முழு நீளத்துக்குப் பாய்வார். மண்ணுல ஒரு அடி தூரத்துல தப்பிச்ச கால் மேட்ல மாட்டும்.

தினமும் மேட் கிடைக்காதுன்னா வாரம் ரெண்டு நாளாவது மேட் இருக்கிற இடத்துல நேரம் கேட்டு வாங்குங்க, அன்னைக்கு போனஸும், கால் விரலால தொடுற டோ டச்சும் மட்டும் பழகுங்க. மத்த நாள்ல போட்டிக்குப் போடப்போற அதே ஷூவைப் போட்டு சிமென்ட் தரையில ஓட விடாதீங்க, அடி தேஞ்சு மேட்ல வழுக்கும். புது ஷூவைப் போட்டி அன்னைக்கு முதல் தடவையாப் போடுறதும் வேண்டாம்.

பதில்: அயோத்தியாப்பட்டணம் அக்கா

மகளிர் அணிக்காகப் படிக்கிறவங்களுக்கு ஒரு சேர்க்கை. நம்ம களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். பாக் லைன் 3 மீட்டர், போனஸ் 4 மீட்டர். லாபி போனா அகலம் 6 மீட்டர்தான், ஏழு பேர் இன்னும் நெருக்கமா நிப்பாங்க. அதனால உள்ள இறங்கித் தொடுறது ஆண்களைவிடக் கஷ்டம், ஆனா மாட்டினா நடுக்கோடு கிட்டயே இருக்கும். ரெய்டர் மாட்டின உடனே உடம்பை நடுக்கோட்டுப் பக்கம் போட்டுக் கையை நீட்டப் பழக்குங்க, இங்க அது பலன் தரும்.

ஓமலூர்த் தம்பிக்கு ஒண்ணு. எதிரணியை எப்படியோ மூணு பேருக்குக் குறைச்சுட்டீங்கன்னு வச்சுக்கோங்க. உடனே ஆல் அவுட் பண்ணிடலாம்னு மெயின் ரெய்டரை அவசரமா அனுப்பாதீங்க. மூணு பேரோ அதுக்குக் கீழயோ இருந்து பிடிச்சா சூப்பர் டேக்கிள், அவங்களுக்கு ரெண்டு பாயிண்ட், கூடவே ஒரு ஆள் உள்ள வருவார், உங்க மெயின் ரெய்டர் வெளிய போவார். பலமான டிபன்ஸ்ல கடைசியா மிஞ்சுற மூணு பேர்ல ரெண்டு கார்னரும் இருப்பாங்க, போனஸும் அப்போ கிடையாது. அந்த நேரத்துல முதல் ரெண்டு ரெய்டு வெறுமனே போனாலும் பரவாயில்ல, பாக் லைனைக் கடந்துட்டு வந்துடுங்க. அவங்க ரெய்டர் உங்க பக்கம் வருவார். அவரைப் பிடிச்சா மிச்சம் ரெண்டே பேர், அப்போ மெயின் ரெய்டரை அனுப்புங்க. முதல் பாதியில ரெண்டு டைம் அவுட் இருக்கு, ஒவ்வொண்ணும் 30 செகண்ட். அதுல ஒண்ணை இந்தக் கட்டத்துக்குன்னே வச்சுக்கோங்க.