சவாரிக்குப் பழக்கிய குதிரைகளை விற்பனைக்குத் தயார் செய்வது எப்படி?

மேலூர் தோப்புக்காரர்:
வணக்கம். மேலூர் அருகே எங்கள் தோப்பில் இரண்டு குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கி வைத்திருக்கிறோம். ஒன்று மார்வாரிக் கலப்புப் பெண் குதிரை, ஆறு வயது. மற்றொன்று காயடித்த கத்தியவாரி, எட்டு வயது. இரண்டுமே பேருந்து ஹாரனுக்கு மிரளாமல் நான்கு வழிச்சாலை ஓரமாக நடக்கும். வீட்டுக்கு வந்த தரகர்களோ உயரம், நிறம், சுழி மூன்றை மட்டும் பார்த்துவிட்டு, பழக்காத குதிரைக்குரிய விலையையே சொல்கிறார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் கொண்டு செல்லலாமா, ஏலத்தில் விடலாமா? எதுவாயினும் எப்படித் தயார் செய்வது?

அலங்காநல்லூர் சவாரி:
ஐயா, கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் ஆகாது என்று ஒதுக்குபவரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் உங்கள் வாடிக்கையாளர் அல்லர். சவாரிப் பள்ளி நடத்துவோரையும், பிள்ளைகளுக்குக் குதிரை தேடுவோரையும் சந்தைக்கு ஒரு மாதம் முன்பே தேடிப் பிடியுங்கள். பழக்கத்துக்கு விலை கொடுப்பவர்கள் அவர்கள்தாம். லாயத்திலிருந்து அவிழ்ப்பது, குளம்பைத் தூக்கிக் காட்டுவது, சேணம் பூட்டுவது, ஏறும்போது அசையாமல் நிற்பது, இருபுறமும் நடை, டிராட் எனும் துள்ளோட்டம், கேன்டர் எனும் மிதமான பாய்ச்சல், கடைசியில் லாரியில் ஏறுவது என அனைத்தையும் வெட்டாமல் ஒரே காணொளியாக எடுத்து அனுப்புங்கள். வெட்டி ஒட்டிய காணொளியைப் பார்த்ததும் விவரமறிந்தவர் சந்தேகப்படுவார்.

அதைவிட முக்கியமாக, உங்கள் கைக்கு மட்டும் அடங்கும் குதிரையைப் பழகிய குதிரை என்று யாரும் ஒப்பமாட்டார்கள். இப்போதிருந்தே வெவ்வேறு ஆட்களை ஏறச் சொல்லுங்கள். விற்கப்போகிறோம் என்று கொள்ளையும் தவிட்டையும் திடீரென அள்ளிப் போடாதீர்கள்; சூலை எனும் கடும் வயிற்றுவலி கண்டால் குதிரையே மிஞ்சாது. லாடத்தைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிட்டால், ஆணி எங்கேனும் உறுத்தினாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.

திருமங்கலம் கால்நடை மருத்துவர்:
வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல வேண்டாம். ஐந்து வயதில் வெட்டுப்பற்கள் அனைத்தும் நிலைப்பற்களாகிவிடும். அதன் பிறகு கீழ்ப்பற்களின் குழி நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்ந்துகொண்டே போவதால், வாயைத் திறந்து பார்ப்பவருக்கு ஆறும் எட்டும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பல மாநிலக் குதிரைகள் கூடும் இடத்துக்குச் செல்வதால், டெட்டனஸ் தடுப்பூசியுடன் கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் முடித்து, சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். மனிதருக்கும் தொற்றக்கூடிய அந்நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. நொண்டலை மறைக்க வலிமருந்து போட்டு நிறுத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. மருந்தின் வேகம் இறங்கியதும் வாங்கியவர் வாசலில் வந்து நிற்பார்.

சிம்மக்கல் வாசகர்:
ஏலம் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தியூரில் பெரும்பாலும் பேசி முடிக்கும் வியாபாரம்தான். 1766இல் தொடங்கிய இங்கிலாந்தின் டாட்டர்சால்ஸ் போன்ற ஏல நிறுவனங்களில், மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்குவது, நின்ற இடத்திலேயே ஓயாமல் ஆடுவது போன்ற, லாயத்தில் தொற்றிக்கொள்ளும் கெட்ட பழக்கங்களை விற்பவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மறைத்தால் குதிரை திரும்பி வந்துவிடும். இந்தக் கீழ்விலைக்குக் குறைந்தால் கொடுப்பதில்லை என்று ஏலத்துக்கு முன்பே குறித்துக்கொடுப்பதும் அங்கே வழக்கம். நம் ஊரில் இரண்டே குதிரைக்காக ஏலம் போட்டால், கேட்பவர் இருவரும் ஒரே தரகரின் ஆட்களாக இருக்க வாய்ப்புண்டு. ஆகவே சந்தைக்கே செல்லுங்கள். கீழ்விலையை மட்டும் மனத்தில் முடிவு செய்துகொண்டு, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது அதிலிருந்து இறங்காதீர்கள்.

மேலூர் தோப்புக்காரர்:
அனைவருக்கும் நன்றி. கத்தியவாரிக்குத் தீவனம் வைக்கத் தாமதமானால் தொட்டி விளிம்பைக் கவ்வும் பழக்கம் இருக்கிறது. அதையும் காணொளியில் சேர்த்து, விலையைச் சற்றுக் குறைத்தே சொல்லப்போகிறேன். ரத்தப் பரிசோதனைக்கு இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன்.