மறு: மறு: கடல் ஒளிர்வதற்குச் சொல் (நாளை அச்சுக்குப் போகிறது)

அன்புள்ள எல்லோருக்கும்,

நாற்பத்தேழு மடல் ஆகிவிட்டது. கண்காட்சிப் பலகையில் சிங்களப் பத்தியும் ஆங்கிலப் பத்தியும் நிரம்பிவிட்டன. இரவில் கடல் ஒளிர்வதற்குத் தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது என்று முடிவாகாமல் நம்முடையது மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. நாளை மாலை மருதானையில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஐயா கோபிக்கக்கூடாது. 'நின்றொளிர்வு' அழகான சொல்தான். ஆனால் அது முன்பே வாங்கிவைத்த ஒளியைப் பிறகு மெல்ல விடும் பொருள்களுக்கு உரியது. கடலை ஒளிரவைக்கும் நுண்ணுயிரான நொக்டிலூக்கா ஒளியைக் கடன் வாங்குவதில்லை. அலையோ துடுப்போ உலுக்கினால், அதன் உடலுக்குள் லூசிபெரின் என்ற பொருள், லூசிபெரேஸ் என்ற நொதியத்தின் துணையோடு ஒட்சிசனுடன் சேர்கிறது. நீல வெளிச்சம் விநாடியில் பத்திலொரு பங்கு நேரம் மின்னி அணைகிறது. நிற்காததற்கு எதற்கு 'நின்று'?

ரீச்சரின் 'உயிரொளிர்வு' இலக்கணத்தில் குற்றமற்றது. என் பயம் வேறு. பிள்ளைகள் அதை 'உயிரொளி' என்று சுருக்குவார்கள். ளகரம் லகரமானால் 'உயிரொலி'. அப்புறம் கடலில் அ, ஆ தேட வேண்டியதுதான். (சிரிக்காதீர்கள், என் முதற்படியிலேயே அந்தப் பிழை இருந்தது.)

'கடல் மின்மினி' எட்டாம் வகுப்புக்கு உடனே விளங்கும். மின்மினியும் லூசிபெரினால்தான் ஒளிர்கிறது, மூலக்கூறு வேறு என்றாலும். ஆனால் மின்மினி துணை தேடித் தானாக மினுங்கும். இது அசைத்தால்தான் மினுங்கும். அதனால்தான் 'தொட்டாலொளிரி' என்றேன், தொட்டாற்சிணுங்கியின் தங்கச்சி மாதிரி. இகர விகுதி உயிரியைக் குறிக்குமே தவிர நிகழ்வைக் குறிக்காது என்று ஐயா நேற்றிரவு எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. மலையாளத்தார் 'கவரு' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது 'கவர்தல்'தானா என்று இங்கே ஓடிய பன்னிரண்டு மடல்களைப் பலகையில் ஒட்ட இடமில்லை.

நொக்டிலூக்கா போல நீரோட்டத்தில் மிதந்து திரியும் உயிரிகளுக்கு 'பிளாந்தன்' என்ற சொல் பாடநூலில் உள்ளபடியே இருக்கட்டும். 1887இல் ஜேர்மன் விஞ்ஞானி ஹென்சன் கிரேக்கத்தில் 'அலைந்து திரிவது' என்ற பொருளில் எடுத்த சொல் என்பது சரி. அதற்காக 'அலைவன' என்று எழுதினால் பரீட்சையில் பிள்ளைக்குத்தான் புள்ளி குறையும்.

கணக்கு: உயிரொளிர்வு ஐந்து, கடல் மின்மினி நான்கு, தொட்டாலொளிரி ஒன்று (நான்தான்). தலைப்பில் 'உயிரொளிர்வு' போடுகிறேன், படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 'கடல் மின்மினி'. ஐயாவின் மறுப்பும் மடலில் பதிவாகியிருக்கிறது.

இரவு பத்து மணிக்குள் யாராவது ளகரங்களை ஒருமுறை பார்த்துத் தாருங்கள்.