ஆகஸ்டில் வந்தது 26 லட்சம் அட்டைதான், ஒரு கோடி இல்லை

பழையகட்டு:
நேத்து ஒரு காணொளி பார்த்தேன், ஆத்திரம் இன்னும் அடங்கல. மேஜிக் தி கேதரிங்ங்கற சேகரிப்பு அட்டை விளையாட்டு 1993 ஆகஸ்ட் 5 அன்னிக்கே ஒரு கோடி அட்டையோட கடைக்கு வந்துச்சாம். கூசாம சொல்றார், கீழ எல்லாரும் கைதட்டுறாங்க. ஆகஸ்ட்ல வந்தது ஆல்பாங்கற அச்சு. 26 லட்சம் அட்டை. அக்டோபர்ல வந்தது பீட்டா. 73 லட்சம். ரெண்டையும் கூட்டி ஆகஸ்ட் தலையில கட்டிட்டா அது வரலாறா?

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ரிச்சர்ட் கார்ஃபீல்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல கணித ஆராய்ச்சி மாணவரா இருந்தவர். 1991ல ரோபோராலின்னு ஒரு பலகை விளையாட்டைத் தூக்கிட்டு பீட்டர் அட்கிசன்கிட்ட போனார். அட்கிசன் போயிங்ல வேலை பார்த்துக்கிட்டே விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்னு ஒரு சின்ன கம்பெனி நடத்திட்டிருந்தார். ரோபோராலிய அச்சடிக்கிற அளவுக்குக் கையில காசில்ல. அதனால அட்கிசன், விளையாட்டு மாநாடுகள்ல ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவுல சட்டுனு ஆடுற மாதிரி, பையில போட்டு எடுத்துட்டுப் போற மாதிரி ஏதாவது இருக்கான்னு கேட்டார். அதுல இருந்து பிறந்ததுதான் இது. அப்படிப்பட்ட கம்பெனி முதல் நாளே ஒரு கோடி அட்டைய இறக்குச்சாம். 26 லட்சம், சாமி. 26.

கட்டம்கட்டி:
நண்பரே, ஆல்பா, பீட்டா என்ற பெயர் எந்த அட்டையில் அச்சாகியிருக்கிறது? காட்டுங்கள் பார்ப்போம். ஆண்டும் கிடையாது, தொகுப்புச் சின்னமும் கிடையாது, கீழே ஓவியர் பெயர் மட்டும்தான். நிறுவனம் இரண்டையும் சேர்த்து லிமிடெட் எடிஷன் என்றுதான் சொன்னது. இரண்டுக்கும் கறுப்பு ஓரம். இரண்டையும் அச்சடித்தது பெல்ஜியத்தின் டர்ன்ஹவுட்டில் உள்ள கார்டா முண்டி. முதல் பதிப்பு ஏறக்குறைய ஒரு கோடி. இதில் காணொளிக்காரர் செய்த குற்றம் என்ன?

பழையகட்டு:
மூலை. அதைப் பாருங்க முதல்ல.

பீட்டா அட்டை மேல ஆல்பா அட்டைய வைங்க. நாலு மூலையிலயும் அடியில இருக்கற பீட்டாவோட கறுப்பு ஓரம் எட்டிப் பார்க்கும். ஆல்பாவோட மூலை அவ்வளவு வளைவு. பீட்டாவுல மாத்தின மூலைதான் அதுக்கப்புறம் நிலைச்சது. ஆல்பாவையும் மத்த அட்டையையும் ஒரே கட்டுல கலந்து போட்டியில ஆடணும்னா பின்பக்கம் தெரியாத உறை போட்டே ஆகணும், இல்லேன்னா அடையாளம் வெச்ச சீட்டுன்னு தூக்கி வெளிய போடுவாங்க. ஒரே பதிப்புன்னா இதெல்லாம் எதுக்கு?

கடைசிபெஞ்ச்:
அண்ணன் கணக்கு சரிதான். ஆட ஆரம்பிக்கறதுக்கு வாங்கற ஸ்டார்டர் கட்டு ஒண்ணுக்கு 60 அட்டை. அந்த 26 லட்சமும் ஸ்டார்டராவே போயிருந்தாக்கூட 43 ஆயிரம் பேருக்குத்தான் ஆளுக்கு ஒண்ணு கிடைச்சிருக்கும். இதுல கூடுதல் அட்டைக்கு வாங்கற சின்ன பாக்கெட், அந்த பூஸ்டர் வேற. கடையில ஏன் உடனே தீர்ந்துபோச்சுங்கறதுக்கு இந்தக் கணக்கு ஒண்ணே போதும்.

கட்டம்கட்டி:
மூலையை வெட்டுவது கத்தியின் வேலை. காலையில் வந்த நாளிதழின் எழுத்துப்பிழையை நகரப் பதிப்பில் திருத்தினால் அது வேறு நாளிதழ் ஆகிவிடுமா? என் கேள்விக்கு வாருங்கள். 1993 டிசம்பரில் வெள்ளை ஓரத்தோடு வந்த அன்லிமிடெட் இரண்டாம் பதிப்பு. 1994 ஏப்ரலில் வந்த ரிவைஸ்டு மூன்றாம் பதிப்பு. 1995இல் வந்ததை அவர்களே நான்காம் பதிப்பு என்று பெயர் சூட்டி விற்றார்கள். ஆல்பா ஒன்று, பீட்டா இரண்டு என்றால் அது ஐந்தாம் பதிப்பாக அல்லவா வந்திருக்க வேண்டும்? எண்ணத் தெரிந்தவர் பதில் சொல்லலாம்.

பழையகட்டு:
எண்ணத் தெரியுமான்னு என்னையா கேக்குறீங்க? சரி, எண்ணுவோம். ஆல்பாவுல 295 அட்டை. பீட்டாவுல 302. அந்த ஏழு எங்க இருந்து வந்துச்சு? சர்க்கிள் ஆஃப் ப்ரொடெக்‌ஷன் பிளாக், வால்கானிக் ஐலண்ட், இந்த ரெண்டையும் ஆல்பாவுல போடவே மறந்துட்டாங்க. அஞ்சு வகை நில அட்டைக்கும் ஆல்பாவுல ரெண்டு ரெண்டு படம்தான், பீட்டாவுல ஆளுக்கு மூணாவது படம் வந்துச்சு. ரெண்டும் அஞ்சும் ஏழு. நீங்க சொல்ற நகரப் பதிப்புல புதுசா ஏழு பக்கம் முளைக்குமா?

இன்னும் கேளுங்க. ஆர்கிஷ் ஓரிஃபிளாம். ஆல்பாவுல அதை இறக்க விலை ரெண்டு மானா (ஆட்டத்துல அட்டைய இறக்கச் செலவழிக்கற சக்தி), அது அச்சுப்பிழை. பீட்டாவுல நாலு மானா. கட்டுக்கு ஒண்ணுக்கு மேல கூடாதுன்னு 1994 ஜனவரில வந்த முதல் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல பிளாக் லோட்டஸ், டைம் வாக் மாதிரி பலமான அட்டைங்க கூட இந்த சாதாரண அட்டையும் உக்காந்திருக்கு பாருங்க, எல்லாம் அந்த ரெண்டு மானா பண்ண வேலை. எல்லாத்துக்கும் மேல, மூலை. மூலைக்கு இதுவரைக்கும் பதில் வரல.

சுண்டல்ராஜா:
மூலையையும் கத்தியையும் கொஞ்சம் ஓரமா வைங்கப்பா. அந்த முதல் மாசங்கள்ல ஆட்டமே எவ்வளவு கோணலா இருந்துச்சுன்னு யாருமே பேச மாட்டேங்கறீங்க. கட்டுல குறைஞ்சது 40 அட்டை இருந்தா போதும். ஒரே அட்டைய எத்தனை வேணும்னாலும் வெச்சுக்கலாம், நாலுக்கு மேல கூடாதுங்கற விதியே அப்ப கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் பாக்கெட்தான் வாங்குவாங்க, ஊர்ல ஒருத்தன்கிட்ட ஒரு லோட்டஸ் இருந்தா பெருசுன்னு கார்ஃபீல்டு நெனச்சார். வாங்கினவன் பெட்டி பெட்டியா வாங்கினான். போதாததுக்கு பந்தயம். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு அட்டைய ஒதுக்கி வெக்கணும், ஜெயிச்சவனுக்கு ரெண்டும். பணம் குடுத்து வாங்கின அட்டைய தோத்துட்டு எவன் சும்மா போவான்? விளையாட்டா அது, சூதாட்டம்!

கடைசிபெஞ்ச்:
பந்தயத்துக்கு ஒரு காரணம் இருந்துச்சு சுண்டல். அட்டை கைமாறிக்கிட்டே இருக்கணும், ஒருத்தன்கிட்டயே நல்லதெல்லாம் தேங்கிடக் கூடாது. கோலி ஆடறப்ப ஜெயிச்சவன் கோலிய எடுத்துட்டுப் போவான்ல, அப்படித்தான். நீங்க தோத்த கடுப்புல பேசறீங்க.

சுண்டல்ராஜா:
நான் தோத்ததை நீ பார்த்தியா? போன தீபாவளிக்கு யார் யார்கிட்ட தோத்தாங்கன்னு சபையில சொல்லட்டுமா?

பழையகட்டு:
நீங்க ரெண்டு பேரும் சண்டைய வேற இழையில வெச்சுக்கோங்க. இங்க விஷயம் 26 லட்சம்.

கட்டம்கட்டி:
பார்த்தீர்களா, நான்காம் பதிப்புக் கேள்வியை அப்படியே முழுங்கிவிட்டார். இவருக்கு இது வழக்கம். போகிமான் இழையில் போகிமான் அட்டை 1999இல் பிறந்தது என்று நான்கு பக்கம் வாதாடியவர் இவர்தானே? ஜப்பானில் 1996 அக்டோபரிலேயே மீடியா ஃபேக்டரி வெளியிட்டுவிட்டது.

பழையகட்டு:
அங்க நான் பேசினது விசார்ட்ஸ் அமெரிக்காவுல வெளியிட்டதைப் பத்தி. 1999 ஜனவரி. அன்னிக்கும் நான் சொன்னதைப் பாதிதான் படிச்சீங்க, இன்னிக்கும் பாதிதான் படிக்கிறீங்க. நான்காம் பதிப்புங்கறது கம்பெனி விக்கறதுக்காக வெச்ச எண். அட்டை பொய் சொல்லாது. மூலையைப் பாருங்க.

நெய்வேலியான்:
சேகரிப்பு அட்டை விளையாட்டுக்கு மேஜிக்தான் ஆரம்பம்னு எல்லாரும் எடுத்துக்கிட்டே பேசறீங்க. 1904லயே அலிகெனி கார்ட் கம்பெனின்னு ஒண்ணு பேஸ்பால் அட்டை விளையாட்டு ஒண்ணைத் தயார் பண்ணுச்சுங்க. அதையும் சேர்த்துப் பேசினா நல்லா இருக்கும்.

பழையகட்டு:
அய்யா, அதுல பூஸ்டர் பிரிச்சு அவனவன் சொந்தமா கட்டு சேர்த்தானா? இழைய திசை திருப்பாதீங்க.

கட்டம்கட்டி:
இந்த ஒன்றில் மட்டும் பழையகட்டுவோடு நிற்கிறேன். 1904ஐ இங்கே இழுக்காதீர்கள்.

நெய்வேலியான்:
ஒரு தகவல் சொன்னதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து அடிக்கறீங்களேங்க. நல்லா இருங்க.

கடைசிபெஞ்ச்:
எனக்குப் பிடிச்சது அரேபியன் நைட்ஸ் சமாச்சாரம். 1993 டிசம்பர், முதல் கூடுதல் தொகுப்பு. முதல்ல அதுக்குப் பின்பக்கத்தையே வேற நிறத்துல போடறதா இருந்தாங்க. ஆட்டக்காரங்க வேண்டாம்னு சொன்னதால கடைசி நேரத்துல பழைய பின்பக்கத்தையே வெச்சு, முன்னால ஒரு வளைஞ்ச வாள் சின்னத்தைப் போட்டாங்க. அது மட்டும் நடக்காம இருந்திருந்தா ஒவ்வொரு தொகுப்பும் தனித்தனி விளையாட்டா பிரிஞ்சு, எப்பவோ கடைய மூடியிருப்பாங்க. இந்த ஒரு முடிவுக்காகவே அந்தக் கம்பெனியக் கும்பிடலாம்.

பழையகட்டு:
பின்பக்கம்! நல்ல வேளை நீயே சொன்ன தம்பி. பின்பக்கம் ஒண்ணா இருக்கணும், பார்த்தா அடையாளம் தெரியக் கூடாது, அதானே அந்த முடிவுக்கே காரணம்? அந்தக் கணக்குல ஆல்பா தனியா நிக்குது. கண்ண மூடிக்கிட்டுத் தடவினாலே தெரியும். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் கட்டம்கட்டிக்கு?

கட்டம்கட்டி:
நான்காம் பதிப்பு ஏன் ஐந்தாம் பதிப்பு இல்லை என்பதற்கு ஒரு விளக்கம் வேண்டும். அது போதும்.

மட்டுறுத்துநர்:
தீபாவளி விவகாரம் குறித்த பதிவுகள் நீக்கப்படும். தலைப்பில் பேசவும்.

சுண்டல்ராஜா:
தலைப்புல பேசறேன். அட்டை குறைவா அடிச்சதைப் பெருமையா பேசறீங்களே, அந்தப் பழக்கம் எங்க கொண்டு போய் விட்டுச்சு? 1994 முழுக்க கடைக்காரன் கேட்டதுல கொஞ்சம்தான் அனுப்புவாங்க. அவனும் பத்து வேணும்னா முப்பதுன்னு எழுதிக் கேக்கப் பழகிட்டான். நவம்பர்ல ஃபாலன் எம்பயர்ஸ் வந்தப்ப கேட்டதெல்லாம் அப்படியே வந்து இறங்குச்சு. எட்டு அட்டை பாக்கெட், வாங்க ஆளில்லாம மூலை முடுக்கெல்லாம் கிடந்துச்சு. பழி யார் மேல? கம்பெனி மேல.

பழையகட்டு:
பேராசைல மூணு மடங்கு எழுதிக் கேட்ட கடைக்காரன் மேல பழி கிடையாதா? கம்பெனிய மட்டும் திட்டறதுன்னா உங்களுக்கு அல்வா. அதுவும் இல்லாம ஃபாலன் எம்பயர்ஸ் ஒண்ணும் அவ்வளவு மோசமான தொகுப்பு இல்ல. ஹிம் டு டோராக் அதுலதான் வந்துச்சு. அந்த ஒரு அட்டைக்கே

கட்டம்கட்டி:
நான்காம் பதிப்பு.

பழையகட்டு:
பேசிட்டிருக்கேன்ல! அந்த ஒரு அட்டைக்கே காசு தகும்னு சொல்ல வந்தேன். எதிராளி கையில இருந்து ரெண்டு அட்டைய பார்க்காமலே உருவிடலாம், ரெண்டே மானாவுல. சுண்டல் அதை வெச்சு ஆடியிருந்தா இப்படிப் பேச மாட்டார்.

சுண்டல்ராஜா:
ஆடியிருக்கேன். உன்கிட்டயே ஆடியிருக்கேன்.

பழையகட்டு:
எப்ப? எனக்கு ஞாபகமே இல்லையே. கட்டம்கட்டி, உங்களுக்கு ராத்திரி ரெண்டு அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படம் எடுத்துப் போடறேன். மூலை தெரியற மாதிரி, கிட்டத்துல.

கட்டம்கட்டி:
படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நான்காம் பதிப்பு அட்டையையும் வையுங்கள்.