பழைய 18 எச்.பி. சின்ன டிராக்டர்: 68 ஊத்தலாமா, 90 கியர் ஆயிலா?

செம்மண்காடு (தேவகோட்டை பக்கம்)

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி ஜப்பான் டிசைன், 18 எச்.பி., போர் வீல் டிரைவ், இருபது வருசப் பழசு. கூட வந்த புத்தகம் இல்லை. காலையில லிப்ட் நல்லாத் தூக்குது. ரொட்டவேட்டர் போட்டு அரை மணி நேரம் ஓடினதும் மெதுவாகிடுது, சீட்டுக்கு அடியில கொய்ங்னு ஒரு சத்தம் ஆரம்பிக்குது. டிப் ஸ்டிக்க இழுத்துப் பார்த்தா ஆயில் மோரு மாதிரி வெளுத்திருக்கு. காரைக்குடியில ஒரு கடையில ஹைட்ராலிக் 68 போடுங்கறாங்க, இன்னொரு கடையில 90 கியர் ஆயில்ங்கறாங்க. புரட்டாசி உழவுக்கு முன்னாடி மாத்தியாகணும். எது சரி? மாத்துறதுக்கு முன்னாடி வேற எதையாச்சும் பார்க்கணுமா?

மோட்டார்கொட்டகை

68 போதும் தம்பி. ஜேசிபிக்கே அதுதான் ஊத்துறாங்க. லிட்டர் விலையும் குறைவு.

பழைய ஸ்பானர்

மேல சொன்ன அண்ணன் தப்பா நினைக்க வேண்டாம். ஜேசிபியில ஹைட்ராலிக் ஆயிலுக்குத் தனி டேங்க் இருக்கு. அந்த ஆயில் எந்தக் கியரையும் தொடாது. சின்ன டிராக்டர் அப்படி இல்லை. முதல்ல பம்ப்புக்குப் போற உறிஞ்சு பைப்பப் பிடிச்சு அது எங்க இருந்து கிளம்புதுன்னு பாருங்க. கியர்பாக்ஸ் அடிவயிற்றுல இருந்தோ பின் ஹவுசிங்ல இருந்தோ வந்தா, லிப்டத் தூக்குறதும் கியர நனைக்கிறதும் ஒரே ஆயில்தான். பிரேக் பிளேட் ஆயிலுக்குள்ள இருக்குற மாடலா இருந்தா அதுக்கும் அதே ஆயில்.

அப்படி இருந்தா யூ.டி.டி.ஓ.ன்னு கேட்டு வாங்குங்க, கியர், லிப்ட், பிரேக் மூணுக்கும் சேர்த்துச் செஞ்ச டிராக்டர் ஆயில் அது. கடையில "டிராக்டர் வெட் பிரேக் ஆயில்"னு சொன்னாலும் எடுத்துக் கொடுப்பாங்க. டப்பாவுல ஜே20சி தரம்னு (ஜான் டியர் கம்பெனி வச்ச தரம்) போட்டிருக்கான்னு பாருங்க.

சூட்டுல ஓடும்போது 68-க்கும் யூ.டி.டி.ஓ.வுக்கும் கெட்டித்தனத்துல பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் உள்ள கலந்திருக்குற மருந்துல. 68-ல கியர் பல்லு நசுக்குறதத் தாங்குற சேர்மானம் இல்லை, பிரேக் பிளேட் கிறீச்சிடாம இருக்குறதுக்கான சேர்மானமும் இல்லை. ஊத்தின அன்னைக்கு லிப்ட் ஜம்முன்னு தூக்கும், அதனாலதான் பலரும் ஏமாறுறாங்க. பல்லு தேயுறது ரெண்டு சீசன் கழிச்சுத்தான் தெரியும்.

90 விசயத்துல ஒரு கணக்குக் குழப்பம் இருக்கு. 68-ங்கறது 40 டிகிரி சூட்டுல அளந்த எண். 90-ங்கறது வேற அளவுகோல். ரெண்டையும் பக்கத்துல வச்சு "கொஞ்சம்தான் கெட்டி"ன்னு நினைக்கக் கூடாது. அதே 40 டிகிரியில 90 ஆயில் 68-ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல கெட்டி. விடியக்காலையில அது உறிஞ்சு பைப்புல இருக்குற வடிகட்டி மெஷ் வழியா ஏறாது, பம்ப் வெறும் வயிற்றோட சுத்தும். ஜி.எல்-5 டப்பாவா (கியர் ஆயில்ல ஒரு தரம்) இருந்தா அதுல உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை, வெண்கல வாஷர அரிக்கவும் வாய்ப்பு இருக்கு. முன் ஆக்சில் மட்டும் தனி ஆயில். அங்க 80டபிள்யூ-90 போடுறது வழக்கம். கடைக்காரர் 90-ன்னு சொன்னது அதை மனசுல வச்சா இருக்கலாம்.

கண்மாய்க்கரை

ஆயில் வாங்குறதுக்கு முன்னாடி அந்த வெளுப்பு தண்ணியா காத்தான்னு பிரிச்சுப் பாருங்க. வண்டிய ஓட்டி நிறுத்தின சூட்டோட அரை லிட்டர் எடுத்து வெள்ளை பாட்டில்ல ஊத்தி நிழல்ல வைங்க. ஒரு மணி நேரத்துல மேல இருந்து தெளிஞ்சு பழைய நிறத்துக்கு வந்தா அது நுரை, காத்து. மறுநாள் வரைக்கும் மோராவே இருந்தாலோ, அடியில தண்ணி தனியாத் தங்கினாலோ, தண்ணிதான்.

சந்தேகம் இருந்தா வீட்டுல கழிச்சுப் போட்ட தோசைக்கல்ல வெளியில வச்சு, தண்ணி தெளிச்சா சுர்ருங்குற அளவுக்குச் சூடு பண்ணுங்க. அடுப்ப அணைச்சுட்டு ஒரே ஒரு சொட்டு ஆயில் விடுங்க. தண்ணி இருந்தா கடுகு வெடிக்கிற மாதிரி படபடங்கும். நல்ல ஆயில் சத்தமில்லாமப் பரவும். முகத்தத் தள்ளி வச்சுக்குங்க, கண்ணுல தெறிக்கும்.

தண்ணின்னா வழியத் தேடணும். நம்ம பக்கம் தொழி உழவுல ஆக்சில் முங்குது, பின் ஆக்சில் சீல் தேஞ்சிருந்தா உள்ள இழுத்துடும். கியர் லிவர் அடியில இருக்குற ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கும், வாட்டர் சர்வீஸ்ல பீய்ச்சி அடிச்சா நேரா உள்ளதான். பிரீத்தர் மூடியில செம்மண் தூசி அடைச்சாலும் வினை: ஆறும்போது வண்டி மூச்சுவிட வழியில்லாம சீல் வழியா ஈரத்த உறிஞ்சும். இதுகளச் சரி பண்ணாம எந்த ஆயில ஊத்தினாலும் அடுத்த மழைக்குத் திரும்பவும் மோருதான்.

பழைய ஸ்பானர்

அந்தக் கொய்ங் சத்தத்துக்கு: காலையில கத்தி, சூடானதும் அடங்கினா மெஷ் அடைப்பு, இல்லாட்டி ஆயில் கெட்டி. உங்களுக்கு நேர்மாறா சூடானப்பறம்தான் வருது. அதனால முதல்ல அளவு குறைச்சலா இருக்கான்னு பாருங்க, அடுத்து உறிஞ்சு பைப் ஓ-ரிங். அந்தப் பக்கம் இழுக்குற பக்கம்ங்கறதால ஆயில் வெளிய கசியாது, காத்துதான் உள்ள போகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இஞ்சின் ஓடும்போது அந்த ஜாயிண்ட சுத்திக் கிரீஸ அப்புங்க. சத்தம் குறைஞ்சா ஆள் அகப்பட்டாச்சு. ஓ-ரிங் சில ரூபாய்தான், பம்ப் அப்படி இல்லை.

எல்லாம் சரியா இருந்தும் சூட்டுல மட்டும் தூக்கலன்னா பம்ப் உள்தேய்மானம் இல்லாட்டி சிலிண்டர் சீல். ரொட்டவேட்டரத் தூக்கி இஞ்சின நிறுத்துங்க. சில நிமிசத்துலயே தரையத் தொட்டா சிலிண்டர், வால்வு பக்கம் கசிவு. அப்படியே நின்னா பம்ப்ப சந்தேகப்படுங்க.

செம்மண்காடு

தோசைக்கல்லுல படபடன்னுச்சு அண்ணே. லிவர் பூட்டும் கிழிஞ்சுதான் இருக்கு. டீசல் ஊத்திக் கழுவிட்டுப் புதுசு போடலாமா?

பழைய ஸ்பானர்

டீசல் வேண்டாம். மூலை முடுக்குல தங்குற டீசல் புது ஆயில நீர்க்க வச்சுடும்.

ராத்திரி முழுக்க வண்டிய நிறுத்தி வைங்க. காலையில டிரெயின் பிளக்க முழுசாக் கழட்டாம லேசாத் தளர்த்துங்க, தங்கின தண்ணி முதல்ல வடியும். அது நின்னதும் பிளக்க முறுக்கி, வண்டிய இருபது நிமிசம் ஓட்டிச் சூடாக்கி, லிப்ட முழுசா இறக்கி விட்டு அப்புறம் எல்லாத்தையும் இறக்குங்க. ஒரே பிளக்னு நினைக்காதீங்க. கியர்பாக்ஸ், டிப்ரன்சியல், ரெண்டு ஆக்சில் பக்கமும் தனித்தனியா இருக்கலாம். பிளக் காந்தத்துல சாம்பல் நிறச் சேறு இருந்தா சகஜம். ஊசி மாதிரி சில்லு இருந்தா கியர். காந்தத்துல ஒட்டாத தங்கநிறத் துகள் ஆயில்ல மின்னினா வெண்கல புஷ் போகுது, உடனே பிரிச்சுப் பாருங்க.

மெஷ்ஷ மண்ணெண்ணெயில கழுவி காத்தடிச்சுக் காயவைங்க. பனியன் வேஸ்ட்ல துடைச்சா நூல் ஒட்டி நேரா பம்ப்புக்குப் போகும். செம்பு வாஷர் புதுசு போடுங்க.

இந்த சைஸ் வண்டிக்கு 20 லிட்டர் வாளி ஒண்ணு பெரும்பாலும் போதும். இறங்கின அளவப் பார்த்து ஊத்தாதீங்க, முன்னாடி இருந்ததே குறைவா இருந்திருக்கும். டிப் ஸ்டிக் கோடுதான் கணக்கு. ஊத்தி, இஞ்சின் ஓட்டி, லிப்ட ஆறேழு தடவை ஏத்தி இறக்கி, கடைசியில இறக்கி வச்சு நிறுத்துங்க. சமதரையில பத்து நிமிசம் கழிச்சுத் திரும்பப் பாருங்க, கோட்டுக்குக் கீழ போயிருக்கும். மீதிய அப்ப ஊத்துங்க.

ஈரம் முழுக்க ஒரே தடவையில போகாது. 15 மணி நேரம் ஓட்டினப்பறம் நிறம் பாருங்க. திரும்ப வெளுத்திருந்தா அதே யூ.டி.டி.ஓ. இன்னொரு தடவை மாத்தணும். ரெண்டாவது வாளிக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கி வைங்க.

மோட்டார்கொட்டகை

நான் தனி டேங்க்னு நினைச்சுச் சொல்லிட்டேன். தம்பி, அந்த லிவர் பூட் கிடைக்கலன்னா பழைய டியூப்ப வெட்டி ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்குங்க, உழவு முடியுற வரைக்கும் தாங்கும்.