புதுப்பிப்பு: அது வேப்பங்கொட்டை இல்லை

பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு வாங்கிய கொட்டை வேம்புதானா என்று போன வாரம் கேட்டிருந்தேன் அல்லவா? நேற்று சுத்தியலால் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டேன்.

வேப்பங்கொட்டை நீள்வட்டமாக, வழவழப்பாக இருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரே பருப்பு. இதிலோ வெளியே நீளவாக்கில் மேடு மேடாக வரிகள், உள்ளே ஐந்து அறைகள், அறைக்கொரு சின்ன கறுத்த விதை. நடுவில் இயற்கையாகவே துளை. கோணி ஊசி சுலபமாக நுழைகிறது. ஜெபமாலைக்குக் கோப்பது இதைத்தான்.

ஆக, இது மீலியா அசெடராக் என்ற மலைவேம்பு. வேம்பின் குடும்பமேதான், ஆனால் வேம்பில் பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் என்ற பொருள் இதில் கிடையாது. பழத்தில் மெலியாடாக்சின் என்ற நஞ்சு உண்டு. கடித்துப் பார்த்துக் கசப்பை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னவர்களே, நல்லவேளை நான் கடிக்கவில்லை! மூட்டை நாளை கடைக்கே திரும்பப் போகிறது.