புவிகாந்தப் புயலின்போது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

நெட்டலை:
2024 மே 11. புவிகாந்தக் கலக்கத்தை அளக்கும் கேபி குறியீடு உச்சமான 9-ஐத் தொட்ட புயல். காலையில் என் அமெச்சூர் வானொலியில் 20 மீட்டர் அலைவரிசையைத் திருப்பினேன். 14 மெகாஹெர்ட்ஸ் முழுக்கத் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஆன்டெனா கேபிளை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். பிறகு 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால், ஒரே ஒரு மோர்ஸ் நிலையம். ஒவ்வொரு கோடும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் நடுங்கியது. அழைப்புக்குறியில் மூன்று எழுத்துகளை எடுத்தேன், மீதி கரைந்துவிட்டது. அவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

ரசமட்டம்:
என்னுடையது ஆர்டிகே அளவை, செயற்கைக்கோள் சமிக்ஞையால் நிலத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் அளப்பது. எச்சரிக்கை வந்திருந்தும் மாலைக்குள் முடித்துவிடலாம் என்று இருந்தோம். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம், ஃபிக்ஸ் (துல்லிய இடநிலைப் பிடிப்பு) போய்விட்டது. ஏற்பி பொருத்திய கோலை நான் அசைக்கவில்லை, ரசமட்டத்தின் குமிழி நடுவிலேயே நின்றது. திரையில் உயரம் மட்டும் ஏறியது: 4 செ.மீ., 11, 38. காலடியில் தரை எழுகிறதோ என்று குனிந்தே பார்த்துவிட்டேன்.

கதிர்நோக்கி:
நெட்டலை, அது புயல் இல்லை. அன்று உலகப் பொது நேரம் 01:23-க்கு எக்ஸ் 5.8 சூரியக் கிளர்வு (எக்ஸ்தான் மிக வலிய வகை) உச்சம் தொட்டது. பகல் பக்கத்தில் சிற்றலை அடங்கியது அதனால்தான்.

நெட்டலை:
ஏற்கமாட்டேன். கிளர்வின் எக்ஸ் கதிர் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கான டி அடுக்கில் அலையை விழுங்கும்போது குறைந்த அதிர்வெண்தான் முதலில் சாகும். எனக்கு 7 கேட்டது, 14 கேட்கவில்லை. அப்படியென்றால் மேலே, உயர் அதிர்வெண்ணைத் திருப்பி அனுப்பும் எஃப் அடுக்கில் எலக்ட்ரான் வற்றியிருக்கிறது. அது புயலின் வேலை. கிளர்வு மறைப்பு ஓரிரு மணி நேரத்தில் விலகிவிடும். எனக்கு மாலைவரை திறக்கவே இல்லை.

இரட்டை அலை:
எனக்கும் ஒருமுறை ஆறு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை ஒரே நொடியில் அறுந்தது. ரசமட்டம், இனி இதைச் செய்யுங்கள். இரண்டு அதிர்வெண் கருவி இருக்கிறதே என்று நம்பியிருக்காதீர்கள். அது அயனி மண்டலம் தரும் தாமதத்தைத்தான் கழிக்கும் (எல்1 அதிர்வெண்ணில், வழியிலுள்ள எலக்ட்ரான்களை அளக்கும் ஒரு டெக் அலகுக்கு 16 செ.மீ.). பிளாஸ்மா குமிழியின் (அயனி மண்டலத்தில் எலக்ட்ரான் குறைந்த பொந்து) விளிம்பில் சமிக்ஞையே மினுங்கி அறுந்தால் கழிக்க ஒன்றும் மிஞ்சாது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் முக்கியப் புள்ளிகளை முற்பகலில் எடுங்கள். பேஸ் (திருத்தம் அனுப்பும் நிலையான கருவி) இருக்கும் தூரத்தைக் குறையுங்கள். மூலத் தரவை அழிக்காதீர்கள். அரை மணிக்கொருமுறை தெரிந்த புள்ளிக்குத் திரும்பிச் சரிபாருங்கள்.

ரசமட்டம்:
மறுநாள் காலை அதே ஆணியில் கோலை வைத்தேன். ஃபிக்ஸ் உடனே வந்தது, பழைய அளவோடு 1 செ.மீ. வேறுபாடு. ஆனாலும் குனிந்து தரையைப் பார்த்தேன்.